முப்பத்தேழு இருக்கிறாள்

அத்தியாயம் 9

பேட்டி பத்து மணிக்கு. எட்டே முக்காலுக்கே சித்தி வந்து நின்றாள்.

"எங்கே நம்ம வகுப்பு ராணி?" செருப்பைக் கழற்றுவதற்குள் குரல் உள்ளே போய்விட்டது.

"குளிக்கிறா," என்றாள் அம்மா.

"குளிக்கிறாளா? அப்போ பாதி வேலை முடிஞ்சுது."

மிளகு குளிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வீணாகிறது என்று தெரிந்தது. குழாயை மூட வேண்டும் என்றும் தெரிந்தது. தெரிவதற்கும் கை நீள்வதற்கும் நடுவே எதுவோ அறுந்துபோய் மாதங்கள் ஆகின்றன.

போன வியாழக்கிழமை அந்தக் கடிதம் வந்ததிலிருந்து மூன்று பெண்களும் சாதாரணமாக இருப்பதற்கு அரும்பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நாலு வரி மின்னஞ்சல் அது. 'புள்ளியியல் இரண்டாம் ஆண்டில் அறுபத்து நான்கு மாணவர்கள். இந்தப் பருவத்தில் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாதவர் எண் முப்பத்தேழாகிய நீங்கள் ஒருவர் மட்டுமே. வீட்டிலிருந்தே தொடர்ந்து படிக்க மாணவர்களைத் தூண்டுவது எது என்று ஓர் ஆய்வு செய்கிறோம். அரை மணி நேரம் உங்களோடு பேச விரும்புகிறோம்.'

எண் முப்பத்தேழு மிளகுதான். அவள் வகுப்பைத் திறந்து பார்த்துப் பதினோரு வாரம் ஆகியிருந்தது.

துறைக் கட்டடத்தின் கூரையில் விரிசல் விட்டதால், இரண்டாம் ஆண்டு முழுக்க வீட்டிலிருந்தே பாடம் என்று அறிவித்திருந்தார்கள். தினமும் பதினோரு மணியிலிருந்து ஒரு மணிவரை வகுப்பு. நான்கு வாரம் ஒழுங்காக உட்கார்ந்தாள். ஐந்தாவது வாரம் ஒரு திங்கட்கிழமை எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. காதல் முறியவில்லை, காய்ச்சல் வரவில்லை, யாரும் எதுவும் சொல்லிவிடவில்லை. ஏதாவது நடந்திருந்தால் அதைக் காட்டி அழவாவது செய்திருக்கலாம்.

நாலு வாரம் தொடர்ந்து வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள் என்பது விதி. நீக்கிவிட்டோம் என்று ஒரு கடிதம் வரும், அன்றோடு எல்லாம் முடியும் என்று அவள் காத்திருந்தாள். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பாராட்டு வந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டுத் தையல் அறைக்குப் போனாள். அம்மா துணி திருத்திக் கொடுப்பவள். தெருவில் பாதிப் பேருடைய கால்சட்டை நீளமும் இடுப்புச் சுற்றளவும் அவளுக்கு மனப்பாடம். தையல் இயந்திரத்தின் பக்கத்தில், நூல் சுற்றும் பாபின் டப்பாவுக்கும் சாக்கட்டிக்கும் நடுவே, மிளகின் லேப்டாப் திறந்து கிடந்தது.

"நீயா?" என்று கேட்டாள்.

"சும்மா இருக்கட்டுமேன்னுதான்," என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி.

ஏன் அப்படிச் செய்தாள் என்பதைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

"அடியே மிளகு! ஆறு ஓடுதா உள்ளே?" சித்தி கதவைத் தட்டினாள்.

மிளகு குழாயை மூடினாள்.

*

சித்தி ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். 'டாக்டர் இப்பதான் வெளியே போனார்' என்பதை, டாக்டர் அவள் முதுகுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிப் பதினாறு வருடப் பழக்கம். இந்தக் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் என்று அவளே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள். அது எவ்வளவு தப்பான கணக்கு என்பது போன வாரம்தான் தெரிந்தது.

"உட்காரு. நான் அந்தப் பொண்ணு. கேட்கறேன், சொல்லு. தினமும் வகுப்புக்கு வர உங்களைத் தூண்டறது எது?"

மிளகு யோசித்தாள். "தெரியல."

"தெரியலையா? 'எனக்குன்னு ஒரு குறிக்கோள் இருக்கு, காலையில எழுந்ததும் அட்டவணை போட்டுக்குவேன்.' சொல்லு."

"எனக்குன்னு ஒரு குறிக்கோள் இருக்கு."

"இரங்கல் கூட்டத்துல பேசற மாதிரி இருக்குடீ. கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லேன்."

மிளகு சிரிக்க முயன்றாள். சித்தி அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்க கிளினிக்ல பல் பிடுங்க வர்றவங்களை ஊசி போட்டு வெளியே உட்கார்த்தி வெச்சிருப்போம், மரத்துப் போகட்டும்னு. அவங்க எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்க. ஒரு பக்கம் மட்டும்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவள் அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா சுவரில் மாட்டியிருந்த அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னொண்ணு. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடச் சொல்லுவாங்க. எல்லாத்துக்கும் அஞ்சு போடாதே. நடுநடுவுல மூணு சொல்லு. வலி பத்துக்குப் பத்துன்னு சொல்றவங்களை எங்க டாக்டர் நம்பறதே இல்ல."

"வரமாட்டேன்னு சொல்லிடலாமே, சித்தி?"

"மாட்டேன்னு சொன்னா ஏன்னு தோண்டுவாங்க. உன் பேருல இன்னொருத்தர் உட்கார்ந்திருந்தது தெரிஞ்சா பேரை எடுத்துடுவாங்கன்னு நீதானே படிச்சுக் காட்டினே? எடுத்தா திரும்பவும் சேர முடியாது. மூணு வாரத்துல பரீட்சை. அரை மணி நேரம் பொய் சொல்றதுல என்ன குறைஞ்சிடப் போகுது?"

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பா ஞாயித்துக்கிழமை கூப்பிடுவார்."

அப்பா சரக்குக் கப்பலில் இருக்கிறார். பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளாக இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரே கேள்விதான் வந்தது: "மிளகு படிக்கிறாளா?" பதினோரு ஞாயிறும் அம்மா, "படிக்கிறா" என்றாள். பிறந்தபோது சின்னதாய், உருண்டையாய் இருந்தவள், அழ ஆரம்பித்தால் வீட்டையே காரமாக்கிவிடுவாள் என்று அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். இப்போது அவளைப் பார்த்தால் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்.

பத்து மணிக்கு வர வேண்டிய அழைப்பு பத்தேகாலுக்கும் வரவில்லை. 'இணைப்பில் கோளாறு, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று செய்தி வந்தது. சித்தி கடிகாரத்தைப் பார்த்தாள், கைப்பையைப் பார்த்தாள்.

"பத்தரைக்கு எனக்கு பஸ். அங்கே நாலு பேர் தாடையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. தைரியமா பேசு. அக்கா, நீ அந்த ரூமை விட்டு வெளியே வராதே. ஃபோன்ல உன் தலை தெரியக்கூடாது."

"வரமாட்டேன்."

அவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். எந்தச் சட்டை, எந்தச் சுவர் பின்னால் தெரிய வேண்டும், மேசை மேல் எத்தனை புத்தகம், எதை எடுத்து மறைக்க வேண்டும் எல்லாம். பதினோரு மணியை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

*

ஆய்வாளர் மிளகைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பேசும்போது எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்தாள். அது மறுபடியும் சொட்டியது.

"மன்னிச்சிடுங்க. எங்க வீட்டு நெட் காலையிலேருந்து கண்ணாமூச்சி ஆடுது. ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?"

"ம்."

"பதினொண்ணுக்கு உங்களுக்கு கிளாஸ் இருக்கு. அதுக்குள்ள முடிச்சிடறேன்."

முதலில் மதிப்பெண் கேள்விகள் வந்தன. நல்ல வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை. நாலு. ஆசிரியரின் ஊக்கம். மூணு. புதிதாகக் கற்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி. மிளகு ஒரு கணம் தயங்கினாள். மூணு. சித்தி சொன்ன மாதிரியே எல்லாம் போய்க்கொண்டிருந்தது. தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது அவளுக்கு.

பக்கத்து அறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் உணவகப் பணியாளர்களின் சீருடை வந்திருந்தது. இருபத்தாறு கால்சட்டைகளுக்குக் கீழ்மடிப்பு வைக்க வேண்டும்.

"சரி, இப்போ பேசலாம்," என்று ஆய்வாளர் பேனாவை வைத்தாள். "உங்க வருகைப் பதிவைத் திறந்து வெச்சிருக்கேன். அந்தப் பச்சைக் கட்டம் இருக்கில்ல, 'இருக்கிறீர்களா?'ன்னு வருமே, வகுப்பு ஆரம்பத்துல ஒரு தடவை, அப்புறம் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை. அறுபது வினாடிக்குள்ள அழுத்தணும். மத்தவங்க சராசரி நாப்பத்தாறு வினாடி. எங்கேயோ இருந்து ஓடி வந்து அழுத்தறாங்க. நீங்க அஞ்சு. தினமும் அஞ்சு, ஆறு. கட்டத்துக்காகவே காத்துக்கிட்டிருக்கற மாதிரி."

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை.

பதினோரு வாரமாக மிளகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. இயந்திரம் ஓடும். நிற்கும். கொஞ்சம் மௌனம். மறுபடி ஓடும். நூல் மாற்றுகிறாள் என்று நினைத்திருந்தாள். கால் வலிக்கிறது போல என்று ஒருநாள் நினைத்ததுண்டு. எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

"எப்பவும் பக்கத்துலயே இருப்பேன்," என்றாள்.

"அப்புறம் அந்தக் கேள்வி. பருவம் முழுக்க நீங்க ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருக்கீங்க. ஒன்பதாவது வாரம்." ஆய்வாளர் குனிந்து படித்தாள். "'ஐயா, சராசரி அளவுக்குத் தைச்சா ஒருத்தருக்கும் சரியா உட்காராது. அப்புறம் எதுக்கு அதைக் கண்டுபிடிக்கிறோம்?'"

தையல் இயந்திரம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று மிளகு கவனிக்கவில்லை.

"உங்க ஆசிரியர் அன்னிக்குப் பாடத்தை விட்டுட்டு அதையே ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கார். இருபது வருஷத்துல யாரும் கேட்கலையாம். 'தைச்சா'ன்னு ஏன் எழுதினீங்க?"

"எங்கம்மா தைக்கிறாங்க." அன்று காலையிலிருந்து அவள் சொன்ன முதல் உண்மை அது.

"ஓ." ஆய்வாளர் சிரித்து அதை எழுதிக்கொண்டாள். "ஒரு விஷயம் சொல்றேன். இதைச் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். உங்க வகுப்புல இன்னும் ஏழு பேரோட பேசிட்டேன். அதே கேள்விதான். ஏன் தொடர்ந்து வர்றீங்க? வேலை, குடும்பம்னு என்னென்னவோ சொன்னாங்க. ஆனா நாலு பேர் உங்களைச் சொன்னாங்க."

"என்னையா?"

"பேர் தெரியாது. திரையில வெறும் நம்பர்தானே வருது. ஒருத்தர் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கற வேலை பார்க்கறார். வண்டியை ஓரமா நிறுத்திட்டுத்தான் கிளாஸைத் திறப்பாராம். திறந்ததும் மேல முப்பத்தேழு இருக்குமாம். 'அது இருக்கு, அப்போ நானும் இருந்துட்டுப் போறேன்'னு நினைச்சுப்பாராம். இன்னொரு பொண்ணுக்குக் கைக்குழந்தை. விட்டுடலாம்னு முடிவே பண்ணிட்டாளாம். 'அந்த முப்பத்தேழுக்கு மட்டும் வீட்டுல வேலை இருக்காதா'ன்னு ஒரு ரோஷமாம்."

மிளகு கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். முகம் தெரியாத நாலு பேர், வெறும் நம்பரைப் பார்த்து, எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நம்பருக்கு உரியவள் போர்வைக்குள் இருந்தாள். வெட்கம் வர வேண்டும். அதற்குக் காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம் இருந்தாள். வரவில்லை.

"அதனாலதான் உங்ககிட்ட நேரடியா கேட்கணும்னு இருந்தேன். அவங்களுக்கு நீங்க இருந்தீங்க. உங்களுக்கு யார் இருந்தாங்க? எது உங்களைத் தினமும்..." ஆய்வாளர் பேச்சை நிறுத்தினாள். "அடடா, மணி பதினொண்ணு ஆயிடுச்சே. உங்க ரெக்கார்ட் கெட்டுடப் போகுது. பரவாயில்ல, இன்னிக்கு ஒரு நாளைக்கு நான் உங்க ஆசிரியர்கிட்ட..."

பக்கத்து அறையில் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம்.

மிளகுக்கு அது கேட்டது. ஐந்து வினாடி எவ்வளவு நீளம் என்று அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

ஆய்வாளர் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் குனிந்து மறுபடி பார்த்தாள். அவள் பின்னால் குழாய் சொட்டியது.

"முப்பத்தேழு உள்ளே வந்தாச்சு," என்றாள் மெதுவாக. "கட்டத்தையும் அழுத்தியாச்சு. அஞ்சு வினாடி." நிமிர்ந்தாள். "நீங்க என்கூடப் பேசிக்கிட்டு இருக்கீங்க. யார் அழுத்தினாங்க?"

சித்தி இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். தங்கை, தானியங்கி, இன்னொரு ஃபோன். மிளகுக்கும் மூன்று நான்கு பொய்கள் தோன்றின. எடுத்துச் சொல்லும் சிரமம் பெரிதாக இருந்தது.

"அம்மா," என்றாள்.

ஆய்வாளர் கை நீட்டி எதையோ அழுத்தினாள். மூலையில் எரிந்துகொண்டிருந்த சிவப்புப் புள்ளி அணைந்தது.

"எவ்வளவு நாளா?"

"அஞ்சாவது வாரத்துலேருந்து."

"அந்தக் கேள்வி?"

"அதுவும் அம்மாதான். இப்போ நீங்க படிச்சப்போதான் எனக்கே தெரியும்."

"ஏன் விட்டீங்க?" இந்த முறை பேனா அவள் கையில் இல்லை.

மிளகு முயன்று பார்த்தாள். "ஒருநாள் எழுந்திரிக்கல. நேத்து போகலையேன்னு மறுநாள் போகல. அப்புறம் அது தானா ஓடிக்கிட்டே இருந்துச்சு. வேற காரணம் எதுவும் இல்லீங்க. இருந்தா சொல்லிடுவேன்."

ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்தாள். "நான் துறையில சம்பளம் வாங்கறவ. பார்த்ததைப் பார்க்கலைன்னு எழுத முடியாது. பன்னிரண்டு மணிக்குத் துறைத் தலைவரோட கூட்டம் இருக்கு. அதுக்கு முன்னாடி நான் உங்களைக் கூப்பிடறேன். என்ன எழுதப் போறேன்னு சொல்லிட்டுத்தான் எழுதுவேன். ஃபோனைப் பக்கத்துல வெச்சிருங்க."

"சரிங்க."

"பேர் போயிடுமேன்னு உங்களுக்கு..." அவள் அந்த முகத்தில் எதையோ தேடினாள். "சரி. கூப்பிடறேன்."

திரை இருண்டது. அதில் மிளகின் முகம் மட்டும் தெரிந்தது, இஸ்திரி போட்ட சட்டையோடு.

*

அம்மா லேப்டாப்பைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மிதியின் மேல் கால். ஊசிக்கடியில் பாதி மடித்த கால்சட்டை. ஆசிரியரின் குரல் எதையோ விளக்கிக்கொண்டிருந்தது. முகம் வராது. எழுத்துப் பலகை மட்டும் வரும்.

"கேட்டுச்சா?" என்றாள் மிளகு.

"கேட்டுச்சு." அம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல. "அதைத் தொடக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். மணி அடிச்சதும் கை போயிடுச்சு."

"ம்."

"பேரை எடுத்துடுவாங்களா?"

"பன்னிரண்டுக்குள்ள கூப்பிடறேன்னாங்க."

அம்மா சாக்கட்டியை எடுத்து மேசை மேல் இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தாள். மிளகு துணி மூட்டையைத் தள்ளிவிட்டு, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னை எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பினேன். நாலு நாள் எழுப்பினேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தே. திட்டியிருந்தாக்கூட அஞ்சாம் நாள் எழுப்பியிருப்பேன்." அம்மா ஊசிக்கடியில் இருந்த துணியை நீவினாள். "என்னை யாரோன்னு பார்த்த மாதிரி இருந்துச்சு."

மிளகுக்கு அந்த நாட்கள் ஞாபகமில்லை.

"எதுக்கு இதைச் செஞ்சே?"

"முதல் நாளா? பத்து நிமிஷத்துல நீ எழுந்து வந்துடுவேன்னு அழுத்தினேன். மறுநாளும் அப்படித்தான். மூணாம் நாள், நேத்து அழுத்திட்டோமே, இன்னிக்கு விட்டா நேத்து அழுத்தினது வீணாயிடுமேன்னு..." அம்மாவுக்கே அது சரியாகச் சொன்னதாகப் படவில்லை. "அப்புறம் இந்த மனுஷன் இருக்காரே. எதையாவது ஆரம்பிப்பார். சுவாரசியமா வர்ற நேரத்துல 'மிச்சம் நாளைக்கு'ன்னுட்டுப் போயிடுவார். மிச்சத்தைக் கேட்காம எப்படி இருக்கறது?"

மிளகின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. தான் விட்டதும் அம்மா பிடித்ததும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. ஒருநாள், அதன் மறுநாள், அதற்கடுத்த நாள். தனக்குப் பெரிய சோகம் என்று ஒன்று கிடையாது. அம்மாவுக்கும் பெரிய தியாகம் என்று ஒன்று கிடையாது. இரண்டு பேரும் முன்தினத்தையே திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள், ஒரு சுவருக்கு இரு பக்கமும்.

அம்மா மேசைக்கடியிலிருந்து பழுப்புக் காகிதச் சுருள் ஒன்றை எடுத்தாள். உடுப்பு வெட்டுவதற்கு முன் அளவு வரைந்துபார்க்கும் காகிதம். விரித்தாள். கையளவு, கழுத்தளவு, தோள் வளைவு. அவற்றுக்கு நடுவே, கிடைத்த இடத்திலெல்லாம், சாக்கட்டியால் எழுதியிருந்தாள். தேதிகள். கூட்டல் குறிகள். 'பரவல் = எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள்.' ஓரிடத்தில், 'இது புரியவில்லை, மிளகைக் கேட்க வேண்டும்.' சில வாரங்கள் தள்ளி மறுபடியும், 'மிளகைக் கேட்க வேண்டும்.' அதற்கப்புறம் அந்த வரி இல்லை. கேள்விகள் மட்டும் இருந்தன.

"சாக்கட்டியாலயா எழுதுவாங்க? அழிஞ்சிடாதா?"

"அழிஞ்ச இடத்துல மறுபடி எழுதியிருக்கேன் பாரு."

மிளகு அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். விரல் நுனியில் வெள்ளை ஒட்டியது. காலை மடித்து வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு ஊன்றும்போது ஊசி குத்துமே, அதுகூட இல்லை. கால் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"இதுல எது புரியல?"

"எதைன்னு சொல்ல? விடுபட்ட தரவுன்னார் போன வாரம். பதில் சொல்லாம விட்டவங்களைக் கணக்குலேருந்து தூக்கிடக் கூடாதாம். ஏன் விட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் மிச்சப் பேரோட கணக்கும் சரியா வருமாம். அதெப்படின்னு இன்னிக்குச் சொல்றேன்னார். இப்போ அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கார். உன் பேச்சுல பாதி போயிடுச்சு."

அது அம்மாவின் பழைய குரல். நூல் டப்பாவை இடம் மாற்றி வைத்துவிட்டால் வருகிற குரல். எத்தனையோ நாளுக்குப் பிறகு அது இந்த வீட்டில் கேட்டது.

மிளகு முக்காலியைத் திரைப்பக்கம் இழுத்தாள். ஃபோனை பாபின் டப்பாவின் மேல் வைத்தாள். ஆசிரியரின் வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாதி ஒட்டவில்லை. பதினோரு வாரம் கழித்துப் பாதியில் வந்து உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். திரையின் ஓரத்தில் எண்கள் வரிசையாக இருந்தன. முப்பத்தேழு. அதன் கீழே பன்னிரண்டு, ஐம்பத்தெட்டு, ஒன்பது. இவர்களில் யார் வண்டியை ஓரமாக நிறுத்தியிருப்பவர், யார் கைக்குழந்தைக்காரி?

பதினொன்று இருபதுக்குப் பச்சைக் கட்டம் வந்தபோது அம்மாவின் கை பாதி தூரம் போய் நின்றது. மகளைப் பார்த்தாள். மிளகு பலகையில் இருந்த ஒரு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அழுத்தினாள். பதினேழு வினாடி.

பதினொன்று நாற்பது.

'டிங்.'

இருக்கிறீர்களா?

அம்மா இரண்டு கைகளையும் கால்சட்டைக் குழாய்க்குள் விட்டுக்கொண்டாள். எண் குறைந்துகொண்டே வந்தது. ஐம்பது. நாற்பத்தொன்று. சாக்கட்டித் தூள் வெயிலில் மிதந்தது. மிளகு அந்தக் கேள்வியைப் படித்தாள். தினமும் ஆறு தடவை இந்த வீட்டுக்குள் கேட்கப்பட்ட கேள்வி. ஆமாம் என்று சொல்லத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யோசித்தாள். தகுதி எதுவும் கேட்கவில்லை அது. முப்பது. இருபத்திரண்டு.

பாபின் டப்பாவின் மேல் ஃபோன் அதிர்ந்தது. டப்பாவுக்குள் இருந்த பாபின்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. ஆய்வாளரின் எண்.

"மிளகு..." என்றாள் அம்மா.

பதினான்கு. பதின்மூன்று. அவளுக்கு ஆசையோ பயமோ எதுவும் தோன்றவில்லை. தோன்றும்வரை காத்திருந்தால் கட்டம் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது.

வெள்ளை ஒட்டிய விரலை நீட்டி, அழுத்தினாள். ஐம்பத்திரண்டு வினாடி. முப்பத்தேழின் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

ஃபோன் விடாமல் அடித்தது.

"எடுக்கலையா நீ? அவங்கதானே கூப்பிடறாங்க?"

"இரும்மா," என்றாள் மிளகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கிளாஸ் நடக்குது."